கார்மார்தனில் அச்சாகி ஒஹையோ போன பைபிள்

1770இல் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் ஊரில், ஜான் ராஸ் என்பவரின் அச்சகத்திலிருந்து தடித்த பைபிள் ஒன்று வெளிவந்தது. வெல்ஷ் மொழிக்குப் பைபிள் புதிதல்ல; 1588இலேயே வில்லியம் மார்கன் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்திருந்தார். ஆனால் அவையெல்லாம் இங்கிலாந்தில் அச்சானவை. வேல்ஸ் மண்ணிலேயே அச்சேறிய முதல் பைபிள் இதுதான். மெதடிஸ்ட் போதகர் பீட்டர் வில்லியம்ஸ் எழுதிய விளக்கவுரையும் சேர்ந்தே வந்ததால், குடியானவர் வீடுகளில் வேதமாகவும் பாடப்புத்தகமாகவும் ஒருசேரப் பயன்பட்டது. 1791இல் அதே மெதடிஸ்டுகள் உபதேசப் பிசகு என்று சொல்லி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். ஆளைத்தான் நீக்க முடிந்தது. அவருடைய பைபிள் அடுத்த நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப அச்சாகி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

வம்சம் தேடுகிறவர்களுக்கு வேதத்தைவிட அதிலுள்ள வெற்றுத்தாள்கள்தான் முக்கியம். பிள்ளை பிறந்த நாள், கல்யாண நாள், செத்த நாள் எல்லாம் அங்கே ஏறின. காரணம் பக்தி மட்டுமல்ல. வேல்ஸில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன் பங்குக்கோயில் ஞானஸ்நானப் பதிவேடுதான் ஆதாரம். அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபைக்காரர்களோ பிள்ளைகளைத் தங்கள் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதிவு ஒழுங்காக நடந்ததா என்பது போதகரின் சுபாவத்தைப் பொறுத்தது. ஆக, வீட்டுப் பைபிளே பதிவாளர் அலுவலகம் ஆனது.

அந்தப் பைபிள் வேல்ஸோடு நிற்கவில்லை. 1818இல் மேற்கு வேல்ஸின் கார்டிகன்ஷயரிலுள்ள கில்கெனின் பகுதியிலிருந்து ஆறு குடும்பங்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. கடல் தாண்டிப் பால்டிமோரில் இறங்கி, பிட்ஸ்பர்க் வரை வண்டியில் போய், அங்கிருந்து தட்டைப் படகுகளில் ஒஹையோ ஆற்றோடு இறங்கினார்கள். போக நினைத்தது மேற்கே வெல்ஷ்காரர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்த ஓர் ஊருக்கு. வழியில் கல்லிபோலிஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் இரவு தங்கியபோது படகுகள் அவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டன என்று ஒரு கதை உண்டு. பயணம் போதும் என்று அலுத்துப்போன பெண்கள்தான் அவிழ்த்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். கதை எப்படியோ, அவர்கள் அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார்கள். 1830களில் உறவும் ஊரும் கூட்டம் கூட்டமாகப் பின்னால் வந்து, ஜாக்சன், கல்லியா மாவட்டங்கள் குட்டிக் கார்டிகன்ஷயர் என்றே பெயரெடுத்தன. விவசாயத்துக்குச் சுமாரான மலைக்காடு. ஆனால் விறகும் இரும்புத்தாதும் இருந்தன. நிலத்தையே பங்காகப் போட்டு உலை வைத்தார்கள். அதில் ஜெபர்சன் உலை ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது. அணைத்தால் மறுபடி சூடேற்ற வேண்டிய உலைக்கு அது எவ்வளவு நஷ்டம் என்று இரும்புக்காரர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் பெட்டி கட்டும்போது பைபிளை விட்டுவிட்டா வருவார்கள்?

அக்கரையில் அந்தத் தாளில் இன்னும் இரண்டு தலைமுறை ஏறியது. மேலே வெல்ஷ் எழுத்து, கீழே போகப்போக ஆங்கிலம். பிறகு வெல்ஷ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளின் காலம். பைபிள் பரணுக்குப் போனது. இன்று அதை இறக்கி வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு முதல் இடி பெயரில்தான். கார்டிகன்ஷயரின் நாட்டுப்புறத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அப்பா பெயரே பிள்ளைக்குப் பின்பெயர். ஈவனின் மகன் டேவிட் ஈவன்ஸ். அவன் மகன் ஜான் டேவிஸ். நம் தலைப்பெழுத்து மாதிரி, தலைமுறைக்கு ஒரு தரம் மாறும். ஜான் டேவிஸின் தாத்தாவை டேவிஸ் என்று தேடினால் ஆயுசுக்கும் கிடைக்கமாட்டார். பின்பெயர் நிலைத்த பிறகும் ஜோன்ஸ், டேவிஸ், ஈவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ் என்று சிலவே ஊரெல்லாம் புழங்கின. எனவே வெல்ஷ்காரரைப் பெயர் வைத்துத் தேடுவது வீண்வேலை. பண்ணை வைத்துத் தேட வேண்டும். ஊரில் ஆளை அடையாளம் சொன்னதே அவன் வீட்டுப் பெயரை, பண்ணைப் பெயரைச் சேர்த்துத்தான். பைபிள் தாளில் ஒரு பண்ணைப் பெயர் இருந்தால் அது தங்கம். அதோடு பங்கின் பெயரும் வேண்டும். அதிலும் லான்ஃபிஹாங்கெல் என்று மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம். ‘மிக்கேல் கோயில்’ என்று பொருள்படும் அந்தப் பெயருள்ள பங்குகள் வேல்ஸ் முழுக்க ஏராளம்.

தாளில் பண்ணை இல்லையா? அமெரிக்க வெல்ஷ் பத்திரிகைகளைப் புரட்டலாம். 1838இல் தொடங்கிய ‘அ கவாய்ல்’ மாத இதழும், 1851இல் தொடங்கிய ‘அ ட்ரிச்’ செய்தித்தாளும் மரண அறிவித்தலில் செத்தவர் எந்தப் பண்ணையில், எந்தப் பங்கில் பிறந்தார் என்று பலமுறை எழுதின. கப்பல் பயணிகள் பட்டியலோ இந்த அளவுக்கு உதவாது; அதில் பெரும்பாலும் நாட்டின் பெயர்தான் இருக்கும். வேல்ஸுக்குப் பதில் இங்கிலாந்து என்று போட்டிருப்பதும் உண்டு. அடுத்து, போனவரை விட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியைப் பிடிக்க வேண்டும். வேல்ஸில் எடுத்த 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரியவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்துப் போட்டது. பிறந்த மாவட்டம் இதுதானா என்பதற்கு மேல் சொல்லாது. 1851 கணக்கெடுப்புதான் பிறந்த பங்கைச் சொல்கிறது. சிற்றாலயக்காரர்களின் கல்யாணத்தையும் பங்குக்கோயில் ஏட்டில் பார்க்க வேண்டும். 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர, எல்லோரும் சட்டப்படி அங்கேதான் கல்யாணம் செய்தாக வேண்டும். 1858க்கு முந்தைய உயில்கள் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் காசில்லாமல் படிக்கலாம். இத்தனை இருக்க, ஜோன்ஸ் குடும்பத்துக்கென்று பொதுவாக ஒரு குலச்சின்னம் விற்கிற கடைகளும் பிழைக்கின்றன. காசைக் கரியாக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பைபிள் தாளையும் அப்படியே நம்பக் கூடாது. 1840இல் அச்சான புத்தகத்தில் 1790இல் பிறந்தவர் பெயர் இருந்தால், அது ஞாபகத்திலிருந்தோ பழைய பைபிளைப் பார்த்தோ பின்னால் எழுதியது. பத்துப் பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அப்படித்தான். பிள்ளைக்குப் பிள்ளை மையும் கையும் மாறியிருந்தால் அதுதான் அவ்வப்போது எழுதிய தாள்.

அதனால், இப்படி ஒரு பழைய பைபிள் யார் கைக்கு வந்தாலும், பிறப்புத் தாளைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். அச்சான ஆண்டு உள்ள முகப்புத்தாளை முதலில் படம் எடுங்கள், பிறகு பிறப்புத் தாளை. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே வையுங்கள்.