கொடி இறங்கும் மாதங்கள்

நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் மற்ற விஷயமெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்த சந்திப்பை எந்த மாதம் வைப்பது என்ற பேச்சு மட்டும் இரண்டு மணி நேரம் இழுக்கும். வெளிநாட்டு நண்பர்கள், "டிசம்பர்லதான்ப்பா லீவு" என்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் மே மாதம் கேட்பார்கள். பருத்திப்பட்டிலேயே குடியிருப்பவர்கள், "மழை நின்னாப் பாக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். இதில் யார் கட்சி சரி? சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

காற்றுக்கு ஏற்றபடி பயணத்தை வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் இரண்டாயிரம் வருஷப் பழக்கம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை விவரமாகக் குறித்து வைத்திருக்கிறார். செங்கடல் வாயிலில் இருந்த ஓசிலிஸ் துறையிலிருந்து கோடையில் புறப்பட்டால் தென்மேற்குக் காற்று 40 நாளில் முசிறியில் கொண்டுவந்து சேர்க்கும். திரும்புவதற்கு டிசம்பர் வாக்கில் காற்று எதிர்த்திசைக்கு மாறும்வரை காத்திருக்க வேண்டும். 'மான்சூன்' என்ற சொல்லே பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் ஆட்களோ திசைக்கு ஒரு பெயராகவே வைத்துவிட்டார்கள். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை.

முசிறிக்குக் கப்பலைக் கொண்டுவந்த காற்று வேறு, சென்னைக்கு மழை தரும் காற்று வேறு. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை பிடித்துக்கொள்கிறது. இருந்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழையாக நமக்கும் கொஞ்சம் கிடைக்கும். செப்டம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே நகர, வடக்கே நிலம் குளிர்கிறது, காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் வழியாக வரும் அந்தக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்திலேயே பெய்துவிடுகிறது. புயல்கள் வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

இதைச் சரியாகக் கணக்கில் எடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். மழைக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கோட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரியிலிருந்த டூப்ளேயுடன் தகராறு. நாள் ஓடிவிட்டது. அக்டோபர் 13-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. கப்பல்கள் பல நாசமாயின, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யுத்தத்தில் ஜெயித்தவரைக் காலண்டர் தோற்கடித்துவிட்டது!

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரை சேர வேண்டும். அதனால் கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. அக்டோபர் 15-ஆம் தேதி கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15-ஆம் தேதிதான் மறுபடி ஏற்றுவார்கள். கொடி இல்லையென்றால், 'இங்கே நிற்காதே' என்று அர்த்தம். மீறி நின்ற கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது. பிறகு 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களையே உடைத்துப் போட்டது.

அந்த இரண்டு தேதிகளையும் நம் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18 வாக்கில். கார்த்திகை முடிவது டிசம்பர் 15 வாக்கில். வெள்ளைக்காரன் கொடி இறக்கி வைத்த இரண்டு மாதமும் நம் பாட்டி சொன்ன 'ஐப்பசி கார்த்திகை அடைமழை'யும் ஒன்றுதான்! 'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்ற பழமொழிதான் டிசம்பர் 15-இல் ஏறிய கொடி.

ஆனால் பழமொழியைக் கியாரண்டி கார்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1964-இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, அதாவது மார்கழியில். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. 2011-இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தது டிசம்பர் 30-இல். கார்த்திகைக்குள்ளேயே வந்தவையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவமும் அடையாறும் கரைபுரண்டன, மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஆவடி வட்டாரமே தண்ணீரில் நின்றது. அன்றும் விமானம் ஓடவில்லை. டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போடும் நண்பர்கள் இதையெல்லாம் மனசில் வைக்க வேண்டும்.

சரி, மே மாதம்? அக்னி நட்சத்திரம். 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. வயதான ஆசிரியர்களை அந்த வெயிலில் பந்தலில் உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்?

ஆக மிஞ்சுவது தை, மாசி. இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1929-இல் லாகூர் காங்கிரஸ், டிசம்பர் குளிரில் ஏழைப் பிரதிநிதிகள் படும் பாட்டைக் கருதி, மாநாட்டை இனி பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளுவது என்று தீர்மானித்தது. பின்னாளில் தேதிகள் மாறினாலும், ஆவடி காங்கிரஸ் கூடியது 1955 ஜனவரியில்தான். சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட அதே மாநாடுதான். நேருவும் காமராஜரும் கலந்துகொண்ட அவ்வளவு பெரிய கூட்டம் நம் பருத்திப்பட்டுக்குப் பக்கத்தில் தை மாதத்தில் கூடியது என்றால், நம் சங்கத்துக்கு அதைவிட நல்ல முகூர்த்தம் யார் பார்த்துக் கொடுப்பார்கள்? 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதற்கு, மழை ஓய்ந்து, வண்டிப் பாதை காய்ந்து, நிஜமாகவே வழி பிறக்கும் என்றும் பொருள் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அதற்காக மழையைத் திட்டவும் முடியாது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் நிரம்புவது பெரும்பாலும் அந்தக் கொடி இறங்கும் மாதங்களில்தான். முந்தைய வருஷம் மழை பொய்த்ததால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு லாரிக்கு நின்றதை மறக்க முடியுமா?

ஆகவே வெளியூர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. கிறிஸ்துமஸுக்கு எடுக்கும் லீவைக் கொஞ்சம் தள்ளி ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலை வீட்டாரோடு கொண்டாடிவிட்டு அப்படியே கல்லூரிக்கு வந்துவிடலாம். டிசம்பரில்தான் முடியும் என்றால், திரும்பும் தேதியை மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக வாங்குங்கள். இறங்கிய அன்றைக்கே எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தையில் வருகிறவர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலாற நடக்கலாம்; பெய்த மழை எங்கே போயிற்று என்று கண்ணாலேயே பார்க்கலாம். 2019-இல் திறந்த பசுமைப் பூங்காவில் உட்கார்ந்து பழைய கதை பேசவும் இடம் இருக்கிறது. கொடி ஏறியாச்சு, வாங்க!