ஒட்டாப் பூச்சின் வரலாறு



ஒரு பொருளை நெடுநாள் பேண வேண்டுமாயின், அது பிறந்த வரலாற்றை அறிதல் நன்று. இன்று நம் அடுக்களைகளில் 'நான்-ஸ்டிக்' என்னும் பெயரால் வழங்கும் தோசைக்கல்லையும் வாணலியையும் எடுத்துக்கொள்வோம். அவற்றைக் காக்கும் விதிகளைக் கடையில் தரும் தாளே சொல்லிவிடும். அவ்விதிகள் ஏன் எழுந்தன என்பதை வரலாறுதான் சொல்லும் என்று நான் கருதுகிறேன்.

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ராய் பிளங்கெட் என்னும் இளம் வேதியியலார் குளிர்பதனப் பெட்டிகளுக்கு ஏற்ற புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வாயு அடைத்த உருளையைத் திறந்தார், வாயு வரவில்லை. நிறுத்துப் பார்த்தார், எடையும் குறையவில்லை. உருளையை அறுத்து நோக்கியபோது, உள்ளே மெழுகு போன்ற வெண்பொடி படிந்திருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாய்க் கோத்துக்கொண்டு திண்பொருளாக மாறியிருந்தன. அமிலங்கள் அதனை அரிக்கவில்லை. பிற பொருள்கள் அதன்மேல் எளிதில் ஒட்டவுமில்லை. அதுவே பின்னர் டெப்லான் எனப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில், கொடிய அரிப்புத் தன்மை வாய்ந்த யுரேனியச் சேர்மம் செல்லும் குழாய் இணைப்புகளைக் காக்க இப்பொருளே உதவியது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. எதனோடும் ஒட்டாத பொருளைச் சட்டியோடு ஒட்டுவது எங்ஙனம்? பிரான்சு நாட்டுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் இதற்கு விடை கண்டார். அலுமினியத்தை அமிலத்தால் அரித்து நுண்குழிகளை உண்டாக்கி, அக்குழிகளில் பூச்சு பற்றிக்கொள்ளச் செய்தார். தூண்டிற் கருவிகளுக்கென அவர் கண்ட முறையைச் சமையற் பாத்திரத்திற்குத் திருப்பச் சொன்னவர் அவர் மனைவி கொலெத் என்பர். 1954இல் முதல் சட்டி உருவாயிற்று. 1956இல் டெபால் நிறுவனம் தோன்றிற்று.

காக்கும் முறை இவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. பூச்சு மெல்லிய படலம். நுண்குழிகளைப் பற்றியே நிற்பது. இரும்புக் கரண்டியும் கம்பி நாரும் அதனைக் கீறினால், அந்தப் பிடி நெகிழ்ந்துவிடும். ஆகவே மரக்கரண்டி வேண்டும். கழுவ மென்மையான பஞ்சு வேண்டும். அடுக்கும்போது இடையில் துணி வேண்டும். சுடுசட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினால், உலோகமும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்கும், சட்டியும் கோணும். ஆறிய பின்னரே கழுவுக.

எல்லாவற்றிலும் பெரியது வெப்பம். இரும்புத் தோசைக்கல்லை வெறுமனே காயவைத்து, நீர் தெளித்து, சூடு பார்ப்பது நம் வழக்கம். எண்ணெய் ஊட்டிப் பழக்கிய இரும்புக்குத் தீ தோழன்; ஒட்டாப் பூச்சுக்கோ அது பகை. ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசுக்கு மேல் பூச்சின் தன்மை கெடத் தொடங்கும். 327 டிகிரியில் உருகும். 350 டிகிரியைத் தாண்டினால் நச்சுப் புகை எழும். அப்புகையால் மனிதர்க்குக் காய்ச்சல் போன்ற நோய் வரும். கூண்டிலுள்ள கிளி போன்ற பறவைகள் மடிந்துபோவதும் உண்டு. உணவோ எண்ணெயோ இல்லாத சட்டி பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே இந்நிலையை எட்டிவிடக்கூடும். ஆதலின் வெறுஞ்சட்டியை அடுப்பில் விட்டு அகலாதீர்கள். மிதமான தீயே போதும்.

நம் முன்னோரின் பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சுத் தேய்ந்தால், ஈயம் பூசுவோர் தெருவுக்கே வந்து புதுப்பித்துத் தந்தனர். ஒட்டாப் பூச்சை அவ்வாறு வாசலில் புதுப்பிப்பார் இல்லை. உரிந்த சட்டியைக் கழிக்கத்தான் வேண்டும். கழிப்பதும் புதிது செய்வதும் உலகுக்குச் செலவின்றி நிகழ்வதில்லை. இப்பூச்சின் தயாரிப்பில் பயன்பட்ட பி.எப்.ஓ.ஏ. என்னும் பொருள், நீரிலும் மனித உடலிலும் நெடுங்காலம் தங்குவது கண்டறியப்பட்டது. முன்னணி நிறுவனங்கள் 2006இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2015க்குள் அதனைக் கைவிட்டன.

ஆகவே ஒரு சட்டியை ஓராண்டு கூடுதலாகக் காப்பவர் தம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. இன்னொரு சட்டி செய்யும் தேவையையும் ஓராண்டு தள்ளிவைக்கிறார். உங்கள் வீட்டில் அடுப்படியில் நிற்பவரிடம் இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் கை விதியை மறவாது.