முதுகில் ஒரு திரை

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது திடீரென்று மவுசு வந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் கல்யாண வீடுகளில் சித்தப்பாக்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிந்த அதே வெள்ளி நிறச் சோப்பு டப்பாக்கள்தான். பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்து, அதற்குப் பேட்டரி தேடி அலைகிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஐந்து மெகாபிக்சல். பேட்டரியைக் கழற்றிச் சில நாள் வைத்துவிட்டால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். மறுபடி ஆன் செய்ததும் முதல் காரியமாகத் தேதியும் மணியும் கேட்கும். நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பும்.

இந்தக் கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தைப் பேசுகிறார்கள், ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் வெளுத்துப்போவதைப் பேசுகிறார்கள். அதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் வரலாறு என்று பார்த்தால் இந்தப் பெட்டி செய்த காரியங்கள் வேறு. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே காட்டியது. படத்துக்குள்ளேயே நேரத்தை எழுதிவைத்தது. இரண்டும் சேர்ந்து ஒரு சிறைச்சாலையில் என்ன செய்தன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கக் கதை பலருக்கும் தெரிந்தது. 1975இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி. ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 2012இல் திவாலானது. இதை எல்லோரும் நீதிக்கதை மாதிரிச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்.

நான் முக்கியமாக நினைப்பது 1995இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காசியோ கியூவி-10. படத்தின் தரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: 320க்கு 240 புள்ளிகள். ஆனால் அதன் முதுகில் 1.8 அங்குலத்துக்கு ஒரு எல்சிடி திரை இருந்தது. சாதாரண மக்களுக்கான டிஜிட்டல் கேமராவில் அப்படியொரு திரை வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கும் ஓட்டை கிடையாது. கேமராவை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்து, திரையில் பார்த்து, எடுத்ததும் பக்கத்தில் நிற்பவனிடம் திருப்பிக் காட்டலாம். 96 படம் வரை உள்ளேயே நிற்கும். பிடிக்காததை அழிக்கலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஃபிலிம் காலத்தை நினைத்துப்பாருங்கள். 36 படம் முடிந்தால்தான் ரோலைக் கழுவக் கொடுப்போம். கழுவித் தருகிற ஸ்டுடியோ அண்ணன் நம் வீட்டுப் படங்களை நமக்கு முன்னாலேயே பார்த்திருப்பார். மூன்றாம் மனிதர் ஒருவரின் கண் நடுவே எப்போதும் இருந்தது. போலராய்டு இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அதில் ஒரே பிரதிதான், கொடுத்துவிட்டால் நம்மிடம் இல்லை. டிஜிட்டல் கேமராவில் ஸ்டுடியோ அண்ணனும் இல்லை, பிரதிக்குப் பஞ்சமும் இல்லை. எடுத்தவர்களும் பார்ப்பவர்களும் ரசிப்பவர்களும் ஒரே கூட்டம். “நல்லா வரல, இன்னொண்ணு எடு” என்ற வாக்கியம் அங்கிருந்து வருகிறது.

நேரம் எழுதும் விஷயமும் அதே சமயத்தில்தான் வந்தது. எக்ஸிஃப் என்ற பெயரில் ஜப்பானியக் கேமராக்காரர்கள் ஒரு பொது ஏற்பாடு செய்துகொண்டார்கள். படக்கோப்பின் தலைப்பகுதியில் கேமராவின் மாடல், ஷட்டர் வேகம், ஃபிளாஷ் அடித்ததா இல்லையா, வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் தானாகவே பதிவாகும். எந்த நாட்டு நேரம் என்பதற்கு மட்டும் அதில் வெகுகாலம் இடமே ஒதுக்கவில்லை, 2016இல்தான் சேர்த்தார்கள். கேமராவுக்குத் தெரிந்த நேரம் சொந்தக்காரர் வைத்த நேரம், அவ்வளவுதான். இன்றைய போன் நேரத்தை நெட்வொர்க்கிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, யாரையும் கேட்பதில்லை.

இனி அந்தச் சிறைச்சாலை. பாக்தாதுக்கு மேற்கே அபு கிரைப். 2003 இலையுதிர்காலத்தில் அங்கே இரவுக் காவலில் இருந்தவர்கள் அமெரிக்க ராணுவத்தின் 372வது மிலிட்டரி போலீஸ் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். ஊரில் வேறு வேலை பார்த்துவந்த ரிசர்வ் சிப்பாய்கள். அவர்களில் சிலரிடம் சொந்தக் கேமராக்கள் இருந்தன. கைதிகளை நிர்வாணமாக்கி ஒருவர்மேல் ஒருவராக அடுக்கினார்கள், கழுத்தில் நாய்ப்பட்டை கட்டினார்கள், பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராணுவப் புலனாய்வுத் துறை கைப்பற்றிய படங்கள் 2003 அக்டோபர் 18இலிருந்து டிசம்பர் 30 வரையிலானவை. இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்ல முடிவதே அந்தக் கேமராக்களால்தான்.

இந்த இடத்தில் எனக்கு மை லாய் ஞாபகம் வரும். 1968 மார்ச் 16இல் வியட்நாமின் அந்தக் கிராமத்தில் படுகொலை நடந்தபோது ரான் ஹேபர்லி என்ற ராணுவப் புகைப்படக்காரர் கூட இருந்தார். ராணுவக் கேமராவில் எடுத்த கருப்பு வெள்ளைச் சுருளை ஒப்படைத்துவிட்டார். சொந்தக் கேமராவில் எடுத்த கலர்ப் படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவை க்ளீவ்லாந்து பத்திரிகையில் வெளியானது 1969 நவம்பர் 20இல். இருபது மாதம்! அத்தனை நாளும் அந்தக் கலர்ச் சுருள் ஒரே ஒரு ஆளின் கைவசம் இருந்தது.

அபு கிரைபில் அப்படியில்லை. படங்களைச் சிடியில் எரித்துக் கைமாற்றிக்கொண்டார்கள். ஜோசப் டார்பி என்ற சிப்பாய் சார்லஸ் கிரேனரிடம் வாங்கிய சிடிக்களில் இவற்றைப் பார்த்தார். 2004 ஜனவரி 13இல் புலனாய்வுத் துறையிடம் சேர்த்தார். ஏப்ரல் 28இல் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மே 7இல் பாதுகாப்புத் துறைச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, சிப்பாய்கள் டிஜிட்டல் கேமராவோடு திரிந்து படமெடுத்துப் பரப்புகிறார்கள் என்று வியந்தார். நடந்ததைவிடக் கேமராதான் பிரச்சினை என்பதுபோல எனக்கு அது கேட்கிறது.

படங்களைக் கோர்வையாக்கும் வேலை ப்ரென்ட் பேக் என்ற ராணுவப் புலனாய்வாளரிடம் வந்தது. ஆயிரக்கணக்கான படங்கள். முக்கியமாக மூன்று கேமராக்கள்: கிரேனருடையது, ஐவன் ஃப்ரெடெரிக்குடையது, சப்ரினா ஹார்மனுடையது. ஒன்றின் கடிகாரம் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. பேக் செய்தது எளிமையான, அழகான காரியம். ஒரே நொடியை வேறுவேறு கோணத்தில் இரண்டு கேமராக்கள் பிடித்த படங்களைத் தேடினார். கை அதே இடத்தில், உடல் அதே வளைவில். அந்த இரண்டு படமும் ஒரே நேரம் என்றால் இந்தக் கடிகாரம் அதைவிட எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி என்று தெரிந்துவிடும். கழித்துப்போட்டால் எல்லாப் படங்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். கல்வெட்டில் சக வருடத்தையும் ஆட்சி ஆண்டையும் பொருத்திப் பார்க்கிறவர்கள் செய்கிற அதே வேலை. கிரேனருக்குப் பத்து வருடம், ஃப்ரெடெரிக்குக்கு எட்டு வருடம், ஹார்மனுக்கு ஆறு மாதம் சிறை கிடைத்தது.

உலகம் முழுக்கத் தெரிந்த படம் 2003 நவம்பர் 4 இரவில் எடுத்தது. தலையில் முக்காடு, உடம்பில் போர்வை, விரித்த கைகளில் கம்பி, அட்டைப்பெட்டிமேல் நிற்கும் ஒரு மனிதர். இறங்கினால் ஷாக் அடிக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பலரும் பார்த்தது ஓரம் வெட்டிய படத்தை. முழுப் படத்தில் வலது ஓரத்தில் ஃப்ரெடெரிக் நிற்கிறார். அவர் கைதியைப் பார்க்கவில்லை. கையில் இருக்கும் சின்ன டிஜிட்டல் கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சித்திரவதை ஒரு கை எட்டும் தூரத்தில் நடக்கிறது, அவரோ படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறவர் மாதிரி நிற்கிறார். அந்தத் தலைகுனிவு எனக்குப் பழக்கமானது. பொங்கல் அன்று பானை பொங்கும்போதும் நாங்கள் அப்படித்தான் குனிந்துகொண்டிருந்தோம்.

நேரம் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதில் குழப்பம் வந்தது. 2006 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒருவரை முதல் பக்கத்தில் போட்டு இவர்தான் அவர் என்றது. ஒரு வாரத்தில் இல்லை என்று திருத்தம் போட்டது. அதே சிறையில் அடைபட்டவர்தான், ஆனால் அந்தப் பெட்டிமேல் நின்றவர் அவர் இல்லை. எக்ஸிஃபில் கேமராவின் மாடலுக்கு இடம் உண்டு. எடுக்கப்படுகிறவரின் பெயர் யாராவது கையால் எழுதினால்தான்.

இன்னொரு விசித்திரம். பெட்டிமேல் நிற்க வைத்ததைக் குற்றம் என்று பேக் வகைப்படுத்தவில்லை. தூங்கவிடாமல் வைப்பதும் கஷ்டமான நிலையில் நிற்க வைப்பதும் அங்கே அனுமதிக்கப்பட்ட வழக்கமான நடைமுறை. எரால் மோரிஸ் 2008இல் எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பே அந்தச் சொல்தான். கேமரா எப்போது என்பதைச் சொல்லும். யார் உத்தரவு என்பதைச் சொல்லாது.

அதே நவம்பர் 4 அதிகாலையில் மனாதெல் அல்-ஜமாதி என்ற கைதி சிஐஏ விசாரணையில் செத்துப்போனார். உடலைக் குளியலறையில் ஐஸ் வைத்து மறைத்திருந்தார்கள். மாரடைப்பு என்று காவலர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரவில் ஹார்மனும் கிரேனரும் உள்ளே போனார்கள். பிணத்தின் பக்கத்தில் சிரித்தபடி கட்டைவிரல் உயர்த்தினார்கள், அதையும் எடுத்தார்கள். பிறகு ஹார்மன் கண்ணுக்குமேல் இருந்த கட்டைத் தூக்கிக் காயத்தைத் தனியாகப் படம் எடுத்தார். மாரடைப்பு இல்லை என்பதை உலகம் பார்த்தது அந்தப் படங்களில்தான். மருத்துவர்கள் அதைக் கொலை என்று பதிவு செய்தார்கள். அந்தச் சாவுக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. விசாரணை அறையில் இருந்தவர்களின் கையில் கேமரா இல்லை.

மறுநாள் காலையில் உடலை வெளியே கொண்டுபோனார்கள். நோயாளிபோல் தெரியவேண்டும் என்று கையில் டிரிப்ஸ் ஊசி மாட்டி, ஸ்ட்ரெச்சரில் வைத்து. அதைக் காட்டும் படம் எதையும் நான் பார்த்ததில்லை.