வவுச்சர் இல்லாமல் வரவு இல்லை



சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ‘பி’ பிளாக்கின் பின்புறக் காலி இடத்துக்குக் களைக்கொல்லி அடிப்பது என்று தீர்மானம் போட்டோம். பொருளாளர் என்ற முறையில் செலவுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். மறுநாள் காலை அந்த பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சர் வந்து கதவைத் தட்டினார். பூஜைக்குப் பறித்த தும்பைப் பூ ஒரு கையில், பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பேரனின் பை மறு கையில்.

“சார், அந்த இடத்துக்கு மருந்து அடிக்கறத ஒரு மாசம் தள்ளிப் போடுங்க.”

“ஏனுங்க டீச்சர், வெறும் களைதானுங்களே?”

“பேரு தெரியாத செடிக்கெல்லாம் களைன்னு பேரு வெச்சிட்டோம். என்னென்ன இருக்குதுன்னு எழுதிக்கறேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். விடியும் முன் கோலம், பிறகு கோயில், பிறகு வீட்டில் எல்லாருக்கும் சமையல், மாலையில் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம். இதைத் தவிர வேறு எதிலும் தலையிடாதவர். தன் பெயரை மலரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்று அவர் எனக்கு வேறொரு ஆசிரியரின் பெயரைச் சொன்னார்: “நாங்க காலேஜ்ல நம்ம பக்கத்துச் செடிக்குப் பேரு பாக்கணும்னா, ஃபாதர் மேத்யூ புத்தகத்தைத்தான் எடுப்போம்.”

நான் பி.காம். படித்து, வங்கியில் பேரேடு எழுதிக் காலம் கழித்தவன். தாவரவியல் எனக்குத் தூரம். ஆனாலும் அந்த ஃபாதர் யார் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அது நம் மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலைகளின் கதை.

வானம் தெளிவாக இருக்கும் காலையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். வடக்கே கஞ்சமலை. வடகிழக்கே, சேலத்துக்கும் அப்பால், சேர்வராயன் மலை. கிழக்கே போதமலை. தென்கிழக்கே தூரத்தில் கொல்லிமலை. ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கை முறுக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் இப்படி நாலு மலை பார்க்கிற ஊர் இது.

இந்த மலைகளின் செடிகொடிகளை வெள்ளைக்காரர் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். கேம்பிள் என்பவர் 1915 முதல் சென்னை மாகாணத் தாவரங்கள் முழுவதையும் பகுதி பகுதியாக எழுதி வெளியிட்டார். அவர் 1925-ல் இறந்தபின் ஃபிஷர் என்பவர் தொடர்ந்து எழுதி 1936-ல் முடித்தார். இதற்கிடையே, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஃபைசன், ஊட்டி, கொடைக்கானலோடு நம் ஏற்காட்டையும் சேர்த்து மலைவாசத் தலங்களின் தாவரங்கள் பற்றி 1932-ல் புத்தகம் போட்டார். அதற்குப் படம் வரைந்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர்.

அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, நம் பகுதியை மறுபடி முழுமையாக ஆராய இறங்கியவர்தான் ஃபாதர் கே.எம். மேத்யூ. 1930-ல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி, திருச்சி புனித வளனார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். அப்துல் கலாம் படித்த அதே கல்லூரிதான். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த பழைய நிறுவனம் அது. அங்கே முன்பு தாவரவியல் கற்பித்த ரபினா என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரில், 1967-ல் மேத்யூ ஒரு ஹெர்பேரியம் தொடங்கினார்.

ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் இடம். டீச்சர் இதை எனக்கு விளக்கியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செடியைப் பூவோடோ காயோடோ பறிக்க வேண்டும். செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் பூச்சி அரிக்காமல் மருந்திட்டு, சுமார் 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் தாளில் ஒட்ட வேண்டும். வலது பக்க மூலையில் ஒரு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், பூவின் நிறம், பறித்தவர் பெயர், வரிசை எண். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால், நிறத்தை அன்றே எழுதியாக வேண்டும். அந்த வரிசை எண் களக் குறிப்பேட்டிலும் இருக்க வேண்டும்.

“இந்தத் தாளுக்கு வவுச்சர்னு பேரு சார்” என்றார்.

வாழ்நாள் முழுக்க வவுச்சர் பார்த்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! எங்களிடம் வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஒரு பதிவும் ஏறாது. அவர்களிடமும் அப்படித்தான். “கொல்லிமலையில் இந்தச் செடி இருக்கிறது” என்று வாயால் சொன்னால் செல்லாது. தாளைக் காட்ட வேண்டும். பெயர் தவறாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை. நூறு வருடம் கழித்து ஒருவர் அதே தாளை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். செடியின் பெயர் மாறலாம், தாள் மாறாது. எந்த ஆடிட்டருக்கும் இது பிடிக்கும்.

1970-களில் மேத்யூவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதிச் சமவெளியிலும், சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை போன்ற மலைகளிலும் ஏறி இறங்கி இப்படித் தாள் தாளாகச் சேர்த்தார்கள். 1981 முதல் 1983 வரை ‘ஃப்ளோரா ஆஃப் த தமிழ்நாடு கர்நாட்டிக்’ என்ற பெரிய தொகுப்பு வெளிவந்தது. 1988-ல் மேலும் ஒரு படத் தொகுதி. பிறகு பழனி மலைக்குப் போனார். எழுபதை நெருங்கும் வயதில், 1999-ல், அந்த மலையின் தாவரங்கள் பற்றிய நூலை முடித்தார். 2004-ல் காலமானார்.

மனைவி, மக்கள் இல்லாத துறவி அவர். நம் டீச்சரோ குடும்பமே உலகம் என்று இருப்பவர். ஆனால் செடிகளை வகைப்படுத்தும்போது பாடப் புத்தகத்தில் வரும் சொல்லும் ‘குடும்பம்’தான். கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை, தூதுவளை எல்லாம் ஒரே குடும்பம். துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி ஒரு குடும்பம். நம் ஊரைச் சுற்றி வயல் வயலாக நிற்கும் மரவள்ளியும், வேலியோர ஆமணக்கும், காலில் மிதிபடும் குப்பைமேனியும் ஒரு குடும்பம். மேத்யூ இப்படிக் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்ததைத்தான் டீச்சர் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏற்காட்டில் இரு நூற்றாண்டுகளாகக் காப்பித் தோட்டம். சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். ஒரு சரிவு அழிந்தபின், அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், தேதியோடு பதில் சொல்வது அந்தத் தாள்தான். அது இல்லாவிட்டால் இழப்பைக்கூடக் கணக்கில் எழுத முடியாது. தொடக்க இருப்பு தெரியாமல் நஷ்டம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

நம் காலி இடம் கொல்லிமலை அல்ல, தெரியும். ஆனால் டீச்சர் இந்த மூன்று வாரத்தில், பேரனை வைத்துக்கொண்டு, பழைய செய்தித்தாளில் 41 செடிகளை அழுத்தி வைத்திருக்கிறார். தும்பை, கீழாநெல்லி, குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை... பார்த்தீனியமும் உண்டு. “அதை மட்டும் வேரோட பிடுங்கிப் போடுங்க, நானே வர்றேன்” என்கிறார். கையெழுத்துப் போடும்போது ‘களை அகற்றும் செலவு’ என்ற ஒரே தலைப்பில் நான் அடக்கியது இத்தனையையும்தான்.

எனவே பொருளாளராக என் வேண்டுகோள்: அடுத்த பொதுக்குழு வரை களைக்கொல்லிச் செலவை நிறுத்தி வைத்திருக்கிறேன். பார்த்தீனியத்தை ஒரு ஞாயிறு காலை எல்லாரும் சேர்ந்து கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குவோம். மிச்சத்தைப் பற்றிப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அதற்குமுன் டீச்சர் வீட்டுக்குப் போய் அந்தத் தாள்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். படித்து முடித்த செய்தித்தாள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். டீச்சருக்குத் தாள் பற்றவில்லையாம்.