களைப்படையாத இயந்திரம்

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளியில் வியர்த்துக் கொட்டிய உடம்பு, செம்மேடு போய்ச் சேர்வதற்குள் போர்வை கேட்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வகுப்பறையில் படித்ததை அந்தச் சாலையில் தோலே உணர்ந்துகொள்கிறது.

அந்த மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் மண்சுவர் வீட்டை அளந்து, கணினியில் மாதிரியாக்கினேன். கட்டடங்களின் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் கணக்கிடுவது என் தொழில். பழைய கூரை வீடு எப்படி நடந்துகொள்கிறது, அந்த இடத்தில் கான்கிரீட் வீடு வந்தால் எப்படி இருக்கும் என்று ஒப்பிடுவதே நோக்கம். பயன்படுத்திய மென்பொருள் எனர்ஜிபிளஸ். சுவரின் தடிமன், கூரையின் பொருள், சன்னலின் திசை, உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, அந்த ஊரின் வானிலை எல்லாம் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் அறையின் வெப்பநிலையையும் செலவாகும் ஆற்றலையும் அது சொல்லும்.

வந்த அறிக்கையில் 'வெப்பமூட்டல்' என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. கணக்கில் பிழையில்லை. அந்த வீட்டில் ஹீட்டர் இல்லை. நானும் மாதிரியில் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ஒரு மார்கழி விடியலில் அதே வீட்டுக்குள் நான் நடுங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். "அடுப்பு மூட்டிட்டா சரியாப் போயிரும் கண்ணு" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. அடுப்போரம் அடுக்கியிருந்த விறகு, அவரும் மருமகளும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது.

காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 15 மெகாஜூல் வெப்பம் வரும். ஒரு மணி நேரத்தில் அதை எரித்தால் சுமார் 4 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட்தான். அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு கூரை வழியே போய்விடும் என்றாலும், அந்த வீட்டின் மிகப் பெரிய வெப்பக் கருவி அதுவே. மார்கழியில் வீட்டையே காப்பாற்றுகிற அது, சித்திரையில் முன்னால் உட்கார்ந்திருப்பவளைச் சுடுகிறது. என் அறிக்கையில் இரண்டுமே இல்லை.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, என் தொழிலின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கட்டடங்கள் விழுங்கும் ஆற்றலைக் கணக்கிடும் வேலையை அமெரிக்க அரசு தீவிரமாக எடுத்துக்கொண்டது. எரிசக்தித் துறையின் ஆதரவில் டிஓஇ-2 உருவானது. ராணுவத்தின் கட்டடங்களுக்காக பிளாஸ்ட் உருவானது. இரண்டின் வாரிசாக 2001இல் எனர்ஜிபிளஸ் வெளிவந்தது. விலைக்கு வாங்கப்படும் மின்சாரம், எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றை மிச்சப்படுத்தவே இவை பிறந்தன. பில் வராத எரிபொருளும் கூலி வராத உழைப்பும் அந்தக் கேள்விக்குள் இல்லை. பெண்களின் சம்பளமில்லாத வேலையைத் தேசிய வருமானக் கணக்கு எப்படி விட்டுவிடுகிறது என்று மர்லின் வேரிங் 1988இல் ஒரு நூலே எழுதினார். அந்த வழக்கம்தான் வாட் கணக்கிலும் தொடர்கிறது.

எனர்ஜிபிளஸில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது 'ஐடியல் லோட்ஸ்' என்ற அமைப்பை. குழாய், விசிறி, கம்ப்ரஸர் எதையும் வரையறுக்க வேண்டாம். அறைக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவு, எவ்வளவு குளிர் வேண்டுமோ அவ்வளவு, கேட்ட நேரத்தில் கொடுக்கும். வரம்பு வைக்காவிட்டால் அதற்கு வரம்பே இல்லை; பழுதாவதும் இல்லை. தேவை எவ்வளவு என்று அறிய உதவும் கற்பனை இயந்திரம் அது. அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, இந்த மலையில்தான் அதன் முகம் எனக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. நம் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படியொரு அமைப்பு இருக்கிறது. அதை அம்மா என்று கூப்பிடுகிறோம்.

உழைப்பு விடுபட்டது ஒரு பக்கம். உடம்பு கணக்கில் வந்த விதம் இன்னொரு கதை.

மாதிரியில் மனிதர்களும் வெப்பம் தரும் பொருள்களே. ஓர் உடம்பு எத்தனை வாட் வெளியிடும் என்று நாம் எழுத வேண்டும். அதற்கான அலகு 'மெட்'. உடையின் தடுப்புக்கு அலகு 'க்ளோ'. இரண்டையும் 1941இல் காகி, பர்ட்டன், பேசெட் என்ற மூவர் முன்வைத்தார்கள். ஒரு க்ளோ என்பது ஏறக்குறைய ஆண்கள் அணியும் ஒரு கோட்டு சூட்டு. ஒரு மெட் என்பது அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பம், சதுர மீட்டருக்கு 58.2 வாட். அதற்கு அடிப்படையாக நின்றது 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆண். குளிரூட்டும் பொறியாளர்களின் கையேட்டு அட்டவணையில் பெண்ணின் வெப்பம் ஆணுடையதில் 85 சதவீதம் என்று ஒரு குறிப்பு உண்டு, குழந்தைக்கு 75.

பெண்களை யாரும் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1960களில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகச் சோதனை அறையில் 360 மாணவர்களும் 360 மாணவிகளும் உட்கார்ந்து தங்களுக்குச் சூடா குளிரா என்று வாக்களித்தார்கள். இத்தகைய சோதனைகளை வைத்தே டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் தன் வெப்ப வசதிச் சமன்பாட்டை வெளியிட்டார். இருபாலருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர் முடிவு. ஆனால் சோதனையில் எல்லோருக்கும் ஒரே சீருடை. ஒரே உடுப்பில், ஒரே நாற்காலியில் அசையாமல் இருந்தவர்களிடம் கிடைத்த சமத்துவம் அது. 2015இல் நெதர்லாந்தின் கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் அலுவலக வேலை செய்யும் 16 இளம்பெண்களின் உடல் வெப்பத்தை நேரடியாக அளந்தார்கள். வழக்கமான எண் பெண்களின் வெப்ப உற்பத்தியை 35 சதவீதம்வரை கூட்டிச் சொல்லக்கூடும் என்று தெரிந்தது. ஏ.சி. அலுவலகத்தில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது செய்தியே அல்ல.

இந்தியாவிலும் இந்த எண்கள் திருத்தப்படுகின்றன. மாதவி இந்திரகாந்தி சென்னை, ஹைதராபாத் அலுவலகங்களில் களஆய்வு செய்தார். புடவையைக் கட்டும் விதம் மாறினால் அதன் வெப்பத் தடுப்பும் மாறுகிறது என்று வேறு சில ஆய்வாளர்களுடன் சேர்ந்து அளந்து காட்டினார். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஊழியர்களைக் கேட்டு இந்தியாவுக்கென ஒரு வசதி மாதிரியை உருவாக்கியது. மதிப்புள்ள வேலைகள். ஆனால் அவையும் அலுவலக நாற்காலியில் இருந்தவர்களைப் பற்றியவை. செயல்பாட்டு அட்டவணையில் சமையலுக்கு 1.6 முதல் 2 மெட் என்றும், வீடு சுத்தம் செய்வதற்கு 2 முதல் 3.4 என்றும் இருக்கிறது. உலக்கையால் சாமை குத்துவதற்கு வரியே இல்லை.

எண்ணப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கொல்லிமலையிலேயே சாட்சி இருக்கிறது. சாமை, தினைச் சாகுபடி ஏன் குறைகிறது என்று எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பணியாற்றியபோது, காரணங்களில் ஒன்றாகப் பெண்களின் குத்திப் புடைக்கும் பாடு பேசப்பட்டது. அதன்பின் ஊர்களுக்குத் தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்தன. பாடு கணக்கில் ஏறியது, இயந்திரம் வந்தது.

ஊர் திரும்பியதும் என் கோப்பைத் திறந்து மாற்றினேன். முதலில் நான் போட்டிருந்தது சமவெளி ஊர் ஒன்றின் வானிலை. அதை மலையின் உயரத்துக்குத் திருத்தினேன். காலை ஒன்பதுக்கு வீடு காலியாகி மாலை ஆறுக்கு நிரம்பும் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்த அட்டவணையை எடுத்துவிட்டு, அந்த மருமகள் சொன்ன நாளை எழுதினேன்: விடியலுக்கு முன் அடுப்பு, பிறகு காடு, நண்பகலில் மீண்டும் அடுப்பு. சமைப்பவளுக்குத் தனி வாட், அடுப்புக்குத் தனி வாட். விறகை எரிபொருளாகச் சேர்த்தேன்.

இப்போது அந்த வரியில் ஓர் எண் இருக்கிறது. விறகு சுமக்கும் நடைக்கு மென்பொருளில் பெட்டி இல்லை. அறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இந்த ஆற்றல் இரு பெண்களால் தலையில் சுமந்து வரப்பட்டது.' மாணவிகளே, நாளை நீங்கள் இத்தகைய அறிக்கையைப் படிக்க நேர்ந்தால், முதலில் பூஜ்யங்களைப் பாருங்கள். அங்கே வேலை செய்துகொண்டிருப்பது யார் என்று கேளுங்கள்.