வாழ்த்து அட்டைக்குப் பின்னால் இருந்த கைகள்



திருத்தூதர் பவுல் தம் திருமடல்கள் எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதிவிடவில்லை. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது வழக்கமாயிருந்தது. உரோமையருக்கு எழுதிய திருமடலை அப்படி எழுதியவர் தெர்த்தியு என்பவர். கடைசி அதிகாரத்தில் அவரே இடையில் புகுந்து தம் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலிலும், கலாத்தியர், கொலோசையர் திருமடல்களிலும், தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமடலிலும் முடிவுக்கு வரும்போது பவுல் எழுதுகோலைத் தம் கைக்கு வாங்கிக்கொள்கிறார். தம் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்கள் என்று கலாத்தியரிடம் சுட்டிக்காட்டவும் செய்கிறார். கண்பார்வைக் குறைவா, எழுதிப் பழகாத கையா என்று விவிலிய அறிஞர்கள் பலவாறு சொல்வார்கள். அது இருக்கட்டும். கருத்தை எழுத இன்னொருவர் கை போதும் என்று நினைத்த பவுல், முடிவு வாழ்த்துக்கு மட்டும் சொந்தக் கை வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. “இன்னும் எதுக்கு ஃபாதர் இந்த அட்டையெல்லாம்? ஃபோன்ல ஒரு படம் அனுப்பினா போதாதா?” என்று நம் இளையோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன்பு, இந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

வாழ்த்து அட்டை ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறோம். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டில், ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் குழந்தை இயேசுவின் உருவத்தோடு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் சிறு மரச்செதுக்குப் படங்கள் கைமாறின. துறவற இல்லங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஐக்‌ஷ்டெட் நகரில் புனித வால்புர்கா மடத்துப் பெனடிக்ட் சபைக் கன்னியர் 1500ஆம் ஆண்டையொட்டி வரைந்த சிறு ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மனித இதயம் ஒரு வீடாக வரையப்பட்டிருக்கிறது. ஓவியப் பயிற்சி பெற்றவர்களின் கோடுகள் அல்ல அவை. பிற்காலக் கலை வரலாற்றாசிரியர்கள் இவற்றைக் ‘கன்னியர் வேலை’ என்று ஏளனமாக ஒதுக்கினார்கள். மறையுரை எழுதவோ நூல் வெளியிடவோ வாய்ப்பில்லாத பெண்கள் தங்கள் இறையனுபவத்தைச் சொல்லக் கைக்கு எட்டியது அந்தத் துண்டுத் தாள் மட்டுமே என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, பிளாண்டர்ஸ், தென் ஜெர்மனி ஆகிய இடங்களின் கன்னியர் மடங்களில் இந்தக் கைவேலை உச்சத்தை எட்டியது. ‘கனிவே’ என்று பிரெஞ்சு மொழியில் பெயர். இறகுப் பேனாவைச் சீவும் சிறு கத்திக்கு அவர்கள் மொழியில் ‘கனிஃப்’. அதிலிருந்து வந்த சொல் இது. உள்ளங்கை அளவு தாளோ, பதப்படுத்திய தோலோ எடுத்து, நடுவில் ஒரு புனிதரின் உருவத்தை வண்ணத்தில் தீட்டுவார்கள். பிறகு சுற்றியுள்ள பகுதி முழுவதையும் அந்தக் கத்தியின் நுனியால் வெட்டி வெட்டி எடுப்பார்கள். பூவும் கொடியுமாக, லேஸ் பின்னியதுபோலத் தாள் மாறிவிடும். ஒரு வெட்டு தவறினால் அத்தனை நாள் வேலையும் வீண். வார்த்தைப்பாடு கொடுக்கும் சகோதரிக்கு, மடத்துக்கு உதவியவருக்கு, புத்தாண்டுக்கு என்று இவற்றைக் கொடுத்தார்கள். செய்தவரின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது.

பிரெஞ்சுப் புரட்சி 1790இல் துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டப்படி ஒழித்தது. இரண்டே ஆண்டுகளில் மடங்கள் மூடப்பட்டன. கத்தி பிடித்த கைகள் சிதறின. அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் நகரின் சேன்-சுல்பீஸ் கோவிலைச் சுற்றியிருந்த அச்சகங்கள் அதே லேஸ் ஓரத்தை இயந்திர அச்சால் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுத்தன. இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏழை வீட்டுச் செபப் புத்தகத்துக்குள்ளும் ஒரு மாதா படம் இடம்பிடித்தது அதனால்தான். நம் பாட்டிமார் பத்திரப்படுத்திய புதுநன்மைப் படங்களும் அந்த வழியில் வந்தவையே. ஆனாலும் இயந்திரம் வந்த பிறகும் மடத்துக்குள் கைவேலை நிற்கவில்லை. 1888இல் லிசியு கார்மேல் மடத்தில் சேர்ந்த புனித குழந்தை இயேசுவின் தெரேசா, கடையில் படம் கிடைக்கும் காலத்திலேயே, உடன் வாழ்ந்த சகோதரிகளுக்குத் தம் கையால் சிறு படங்கள் செய்து, மறைநூல் வரிகளை எழுதிக் கொடுத்தார். அவர் இறந்தது 1897 செப்டம்பர் 30 அன்று. அதே ஆண்டு நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர் குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆதரவற்ற பெண் பிள்ளைகள் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டார்கள். பிளாண்டர்ஸ் மடங்களில் தாளில் வெட்டப்பட்ட அதே பூவும் கொடியும் முளகுமூட்டில் நூலில் பூத்தன.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1840 வரை அங்கே கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவரே கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரு பென்னிக்குக் கடிதம் செல்லும் என்ற திட்டம் வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிவானதும் அவர் வீட்டிலேயே கடிதங்கள் குவிந்தன. கிறிஸ்மஸுக்குப் பதில் எழுத நேரமில்லை. எனவே 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரையச் செய்து அச்சிட்டார். அச்சு கறுப்பு வெள்ளைதான். வண்ணம் ஒவ்வொன்றிலும் கையால் தீட்டப்பட்டது. தமக்கு வேண்டியதுபோக மீதியை விற்பனைக்கு விட்டார்.

அந்த அட்டையை உற்றுப் பார்த்தால் நமக்குப் பல செய்திகள் கிடைக்கும். நடுவில் மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று கிண்ணத்தை உயர்த்திப் பருகுகிறது. சின்னக் குழந்தைக்கும் ஒரு வாய் திராட்சை இரசம் புகட்டுகிறார்கள். மது விலக்கு இயக்கத்தார் இதைக் கண்டு கொதித்தார்கள். (அவர்கள் பக்கம்தான் நாம்.) இரு ஓரங்களிலும் பசித்தவருக்கு உணவு கொடுப்பது, ஆடையற்றவருக்கு ஆடை கொடுப்பது என்று இரண்டு காட்சிகள், மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம் அப்படியே கண்முன் நிற்கிறது. எல்லாம் சரி, விலை? ஒரு ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. பன்னிரண்டு கடிதங்களைத் தபாலில் சேர்க்கும் காசு ஓர் அட்டைக்கு! ஓரத்தில் வரையப்பட்ட ஏழை அந்த அட்டையைக் கையால் தொட்டிருக்க வழியில்லை. அதே டிசம்பரில்தான் சார்லஸ் டிக்கன்ஸ் ஏழைகளை மறந்த கஞ்சனின் கிறிஸ்மஸ் கதையை வெளியிட்டார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கோல் ஒன்றை விட்டுவிடவில்லை. அட்டையின் மேலே யாருக்கு, கீழே யாரிடமிருந்து என்று இரண்டு இடங்களைக் காலியாக வைத்தார். அந்த இரண்டையும் அனுப்புகிறவர்தான் எழுத வேண்டும். பவுல் எழுதுகோலை வாங்கிய இடமும் அதுவே.

அட்லாண்டிக்குக்கு அப்பால் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண் 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் தின அட்டை ஒன்று அவர் கைக்கு வந்தது. தந்தை எழுதுபொருள் கடை வைத்திருந்தார். லேஸ் தாளும் வண்ணப் படமும் வரவழைத்து எஸ்தர் சில மாதிரிகள் செய்தார். விற்பனைக்குப் பயணம் போன அண்ணன் அவற்றை எடுத்துச் சென்றார். இருநூறு டாலருக்கு விற்றால் போதும் என்று தங்கை எண்ணியிருக்க, 5,000 டாலருக்கு ஆர்டரோடு அண்ணன் திரும்பியதாகச் சொல்வார்கள். எஸ்தர் தோழியரை வீட்டு மாடி அறைக்கு அழைத்தார். ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட என்று வேலையைப் பகிர்ந்தார். பெண்கள் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க ஒரு வழி பிறந்தது, நல்லதே. ஆனால் இங்கே ‘கையால் செய்தது’ என்ற சொல்லின் பொருள் சத்தமில்லாமல் மாறிவிட்டது. கை இருந்தது, அது அனுப்புகிறவரின் கை அல்ல. இன்று கடைகளில் ‘ஹேண்ட்மேட்’ என்று தங்க எழுத்தில் விற்கும் அட்டைகளும் இந்த வகையே. அவற்றை வாங்கி, அச்சிட்ட கையெழுத்தோடு அனுப்பி வைப்பவர்களும் உண்டு. நமக்கே வருகின்றன.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு யூனிசெஃப் உதவி கிடைத்தது. ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி நன்றியாக ஒரு படம் வரைந்தாள். வரையத் தாள் இல்லாததால் கண்ணாடித் துண்டில் தீட்டினாள் என்று யூனிசெஃப் சொல்கிறது. கம்பத்தைச் சுற்றி ஆடும் பிள்ளைகள்தாம் அந்தப் படம். 1949இல் அதுவே யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது.

தாள் என்றதும் நம் மண்ணின் மகன் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளர் வேலையை உதறிவிட்டுக் காந்தியடிகளோடு சேர்ந்தார். 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். சங்கம் கையிலெடுத்த தொழில்களில் ஒன்று கைக்காகிதம். ஆலைக் காகிதம் மலிவு என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஒரு பொருளின் விலையைப் பார்க்கும்போது அதைச் செய்தவரின் பிழைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய பொருளாதாரம். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்தார்.

அந்தக் கைக்காகிதத்தை நம் வீட்டிலேயே செய்யலாம். பழைய நோட்டுத் தாள், தேர்வுத் தாள் போதும். பளபளப்பான வார இதழ்த் தாள் உதவாது. தபால்தலை அளவுக்குக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் கூழாக அரைக்க வேண்டும். கொசுவலையை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தை, கூழ் கரைத்த அகன்ற தொட்டிக்குள் சாய்வாக இறக்கி, மட்டமாகத் தூக்கி, மெல்ல அசைத்தால் வலையின் மேல் தாள் படியும். நீர் வடிந்ததும் பழைய வேட்டித் துணிமேல் கவிழ்த்து, பலகை வைத்து மேலே அம்மிக்குழவியைப் பாரம் ஏற்றி, பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். இப்படியே எழுதினால் மை பரவும். நம் நாட்டுப் பழைய காகிதக் கைவினைஞர்கள் அதற்காகவே மாவுக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தார்கள். வடித்த கஞ்சியை மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் எவர்சில்வர் டம்ளரின் அடியால் தேய்த்தால் நமக்கும் அதே பலன். கூழில் வெங்காயத் தோலைப் போட்டால் அழகு. செம்பருத்தி இதழ் வேண்டாம், சாயம் விட்டுத் தாளைக் கெடுக்கும். மிஞ்சிய கூழைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றாதீர்கள். அடைத்துக்கொள்ளும், பிறகு அம்மா விடமாட்டார்.

முதல் தாள் கோணலாகத்தான் வரும். கவலை வேண்டாம், கலாத்தியருக்கு எழுதிய எழுத்தும் அழகாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. நோயில் பூசுதல் கொடுக்கப் போகும் வீடுகளில் நாம் பார்ப்பதுண்டு: தலையணைக்கு அடியில், விவிலியத்துக்குள், பேரப்பிள்ளை எப்போதோ மெழுகுக் குச்சியால் கிறுக்கிக் கொடுத்த அட்டை ஒன்று மடிந்து கிடக்கும். பார்வை மங்கியவர்களும் அதை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அவர்கள் கைப்பேசிக்குக் காலையில் வந்து குவிந்த படங்களை யாரும் திறந்திருப்பதில்லை. இளையோரின் கேள்விக்கு நம்மிடம் உள்ள பதில் இதுதான்.

எனவே இந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டிலும் மூன்று அட்டைகள் செய்வோம். ஒன்று, நம்மோடு பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினருக்கு. ஒன்று, வெளிநாட்டில் முகாம் அறையில் தங்கி வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு. இதை நவம்பர் முடிவதற்குள் தபாலில் சேர்ப்பது நல்லது. மூன்றாவது, திருப்பலிக்கு வர இயலாமல் வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு. இவர்களின் பெயர்களை உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கேட்டால் சொல்வார்கள். இந்த மூன்றாவது அட்டையை மட்டும் தபாலில் போட வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஞாயிறு மாலை நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.