ரேங்க் போன பிறகு

மே மாதத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்திருந்தால் அந்த பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் 1200க்கு எவ்வளவு என்று ஒரு எண். ஒரு வருடம் என் முகமும் மூன்றாவது வரிசையில் இருந்தது. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டார்: "மேல் வரிசையில வந்திருக்கலாம்ல?"

அந்த பேனருக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 வரை தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியலுக்குத் தனி நுழைவுத்தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் கோச்சிங்குக்கு எங்கே போவார்கள் என்று சட்டம் கொண்டுவந்து, 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்தார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாசல் என்றானது. கட்-ஆஃபில் கால் மார்க் குறைந்தால் கல்லூரியே மாறிவிடும். நாமக்கல் தொடங்கி எங்கள் பக்கம் வரை ஹாஸ்டல் பள்ளிகளுக்கு மவுசு கூடியது. 2014லும் 2016லும் மாநில முதலிடம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைக்கு வந்தது. 2016இல் அது 1195. பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு அது பெருமைதான், மறுக்க மாட்டேன்.

நான் படித்தது வேறு மாவட்டத்து ஹாஸ்டல் பள்ளியில். பிளஸ் ஒன் சேர்ந்த ஜூனிலேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிட்டோம். வாரத் தேர்வு முடிந்ததும் மெஸ் வாசலில் ரேங்க் ஒட்டுவார்கள். ஒரு ராத்திரி பக்கத்துக் கட்டில்காரன் ஒரு கணக்கைக் காட்டிக் கேட்டான். "தெரியாதுடா" என்றேன். தெரியும். அந்த வாரம் அவனைத் தாண்டினேன்.

2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அடுத்த கல்வியாண்டில், பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்க முடியாதபடி அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 என்பது 600 ஆனது. அதே 2017இல்தான் மருத்துவச் சேர்க்கை நீட்டுக்குப் போனது. பேனர் போகவில்லை. எண் மட்டும் 720க்கு மாறியது.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சீட்டு குறைவாக இருக்கும்வரை யாராவது வரிசைப்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் சீட்டுக்கான போட்டியைப் பதினாறு வயசுப் பிள்ளைகள் தூங்குகிற அறைவரை கொண்டுவந்தது எந்தச் சட்டமும் இல்லை, நாம்தான். அசெம்ப்ளி லைன் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார்: "ஒருத்தன் மட்டும் வேகமாப் போனா லைன் போகாதுடா. பக்கத்துல இருக்கிறவன் திணறினா கை கொடுக்கணும்." வேலையில் அவருக்குத் தெரிந்தது, பேனர் முன்னால் மறந்துபோனது. எனக்கும்தான்.

அக்கா மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். பரீட்சைப் பேப்பர் வந்தால் எத்தனாவது ரேங்க் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொண்டு, "யாருக்காவது சொல்லிக்கொடுத்தியா?" என்று கேட்கிறேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்க்கிறாள்.